போல

மே 2, 2025, வெள்ளி

தங்கை இன்று பென்சிலோடு உட்கார்ந்தாள். என் கவிதை நோட்டில் அவள் தேடுவது எழுத்துப்பிழை அல்ல. ‘போல’ எத்தனை இருக்கிறது என்று எண்ணுவாள். ஒவ்வொன்றின் அடியிலும் சின்னதாக ஒரு கோடு. இந்த வாரம் நாலு கவிதை, ஐந்து கோடு. “பரவாயில்லக்கா” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் தெர்மாமீட்டர்.

ஆறு வருடத்துக்கு முந்தைய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில், ஒழுங்கான கையெழுத்தில், ‘ஜன்னல் ஒரு கண் போலத் திறந்திருக்கிறது’. சுமாரான வரி. நாலு பக்கம் தள்ளி, ‘ஜன்னல் கண் திறந்திருக்கிறது’. அதற்கும் அடுத்த பக்கம், ‘கண் திறந்திருக்கிறது’. பிறகு கவிதையே இல்லை. அந்தக் கண் எந்தெந்த நேரத்தில் இமைத்தது என்ற கணக்கு மட்டும், 11 பக்கம். அந்த நாட்களில் ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தேன். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தாள் போதவில்லை என்று அழுதது நினைவிருக்கிறது.

‘மதி போன்ற முகம்’ என்றால் உவமை, ‘முகமதி’ என்றால் உருவகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். போல, புரைய, ஒப்ப, உறழ என்று நன்னூல் 12 உவம உருபுகளை அடுக்குகிறது. எனக்கு ஒன்று போதும், அது கையை விட்டுப் போகாமல் இருந்தால். இந்தக் காலத்துக் கவிதைக்காரர்கள் ‘போல’ போட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்கள், உருவகம்தான் துணிச்சலாம். உருவகத்துக்குள் நுழைகிறவன் வரி முடிந்ததும் வெளியே வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் பேசுகிறார்கள். நான் உள்ளே போய் எட்டு மாதம் வரவில்லை.

மே 5, திங்கள்

ரத்தப் பரிசோதனை நாள். நான் சாப்பிடுவது குளோசபின், மனச்சிதைவுக்கான மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். அரிதுதான், ஆனால் நடந்தால் உயிருக்கே வினை. அதனால் ஆரம்பத்தில் வாரந்தோறும் குத்தினார்கள். இப்போது மாதம் ஒரு தடவை. முடிவு நன்றாக இருந்தால்தான் அடுத்த மாதத்து மாத்திரை.

இந்த மாத்திரையைப் பற்றிக் கவிதை எழுத ஆசை. ஆனால் அதன் முதல் விளைவு தலையணையில் வழிகிற எச்சில். விடிந்ததும் உறை ஈரமாக, ஒரு பக்கக் கன்னம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இதை எந்தச் சந்தத்தில் பாடுவது? பத்து மணிவரை மண்டைக்குள் மூட்டம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை எனக்கு மூளை உண்டு. இந்த நோட்டில் இருக்கிற எல்லாமே அந்த இரண்டு மணி நேரத்துப் பயிர்.

இதற்கு முன் ஹாலோபெரிடால். அது கையை விறைக்க வைத்தது. வரி தொடங்கும்போது சாதாரண அளவில் இருக்கும் எழுத்து, முடியும்போது எறும்பாகிவிடும். அந்த வருடத்துக் கவிதைகள் எல்லாமே நாலு வரி, ஐந்து வரி. “என்ன ஒரு சொற்சிக்கனம்!” என்று ஒரு நண்பர் வியந்தார். கை வலித்தது, அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

எழுதவில்லை.

மே 7, புதன்

எழுதவில்லை. எழுதவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

மே 11, ஞாயிறு

யாரைப் பார்த்தாலும் குரல்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன சொல்லும், ஆணா பெண்ணா, இப்போதும் கேட்கிறதா. குரல் கேட்பதில் கதை இருக்கிறது, அதனால் கேட்கிறார்கள். 6, 7 தேதிகளில் இருந்ததைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மருத்துவத்தில் அதை எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள். புதிதாக ஒன்று வந்து சேர்வது அல்ல, இருந்தது போய்விடுவது. ஆசை, பேச்சு, முகத்தில் ஓடும் உணர்ச்சி, எழுந்து குளிக்க வேண்டும் என்கிற அந்தச் சின்ன உந்துதல். குரல்களுக்காவது மாத்திரை கேட்கிறது. இதற்கு மருந்து அவ்வளவாக எடுபடுவதில்லை.

சோகம் என்று நினைத்துவிடுகிறார்கள். சோகமாக இருந்தால் கவிதையாவது வரும். இல்லாத ஒன்றை எழுத எதைத் தொட்டு எழுதுவது? மூன்று நாள் முயன்று கிடைத்தது இது:

மேசை மேசையாக இருக்கிறது.
நாற்காலி நாற்காலியாக இருக்கிறது.
நான் அறையில் இருக்கிறேன்.
அறை அறையாக இருக்கிறது.

தங்கை பென்சிலோடு வந்தாள். கோடு போட இடமில்லை. “ஒரு ‘போல’கூட இல்லையே” என்று முகம் மாறியது. “தப்பா எடுத்துக்காத. ஒண்ணு இன்னொண்ணா மாறவே இல்லை, பாரு” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேசை மேசையாக மட்டும் இருப்பதற்காக ஆறு வருடத்துக்கு முன் நான் எதையும் கொடுத்திருப்பேன். இன்று அதே வரி வெறுமையைச் சொல்கிறது. இரண்டும் ஒரே நாலு வரியில் உட்கார்ந்திருப்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. வைத்துக்கொள்கிறேன் இதை.

மே 14, புதன்

ராத்திரி இரண்டே கால். மழை, தழை, பிழை, நுழை, விழை, உழை. நான் தேடவில்லை, தானாக வந்து விழுகின்றன. எதுகைக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும் எனக்கு.

பொருள் இழுத்துச் சொல் வருவது வேறு. ஓசை மட்டும் பிடித்து இழுக்க, ஒரு சொல் அடுத்ததன் தோளில் ஏறிப் போய்க்கொண்டே இருப்பது வேறு. முதலாவது யாப்பு. இரண்டாவதை மனநல மருத்துவர்கள் குறிப்பேட்டில் அறிகுறி என்று எழுதிக்கொள்வார்கள். உள்ளே இருக்கிறவளுக்கு இரண்டும் ஒரே இனிப்புத்தான்.

உழை என்றால் மான். அது நினைவு வந்த கணத்தில் அறை மூலையில் மான் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

மான் இல்லை. ஆனால் திரும்பிப் பார்த்தேன்.

தங்கையை எழுப்பினேன். அவள் ஒன்றும் கேட்காமல் விளக்கைப் போட்டாள்.

மே 17, சனி

“மான் இருந்துச்சா?”

“இல்ல டாக்டர். இருக்கான்னு பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

“தங்கச்சிய எழுப்பினேன்.”

“அது போதும்” என்று எழுதிக்கொண்டார். ராத்திரி மாத்திரையில் 25 மில்லிகிராம் கூட்டினார். நோட்டை வாங்கிப் பார்த்தார், மேசைக் கவிதையில் கொஞ்சம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. “எழுதுங்க. ஆனா பத்து மணிக்கு மேல பேனா வேற ரூம்ல இருக்கட்டும்.”

இவருக்கு முன் பார்த்த ஒருவர் கவிதை எழுதுவதையே விட்டுவிடச் சொன்னார், கற்பனையைக் கிளறுகிறதாம். ஒரு வருடம் விட்டேன். நான் விட்டேனே தவிர, குரல்கள் என்னை விடவில்லை. கையில் ‘போல’ இல்லாமல், நாள் முழுக்க அவற்றைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே குகிங் மனநல மருத்துவமனையில் எர்ன்ஸ்ட் ஹெர்பெக் (1920–1991) என்று ஒருவர் இருந்தார். பிறவியிலேயே அண்ணப்பிளவு, பேச்சு சரியாக வராது. மனச்சிதைவோடு வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். 1960-ல் அவருடைய மருத்துவர் லியோ நவ்ரட்டில், அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டையைக் கொடுத்து ‘காலை’ என்ற தலைப்பில் கவிதை எழுதச் சொன்னார். எழுதினார். அப்படித் தலைப்பு கொடுக்கக் கொடுக்க, அடுத்த முப்பது வருடத்தில் ஆயிரத்துக்கும் மேல்.

எனக்கு இதில் பிடித்தது அந்த அட்டைதான். அதற்கு விளிம்பு இருக்கிறது. என் 11 பக்கத்துக்கு விளிம்பு இருந்ததா? இன்று ஒரு கட்டு அட்டை வாங்கிவந்தேன்.

மே 20, செவ்வாய்

ஒரு கவிதைக் கூட்டத்தில் வாசித்தேன். அட்டையில் இருந்த முதல் கவிதை:

கதவைத் தட்டுவது போல
என் பெயரைத் தட்டுகிறது ஒரு குரல்.
திறந்து பார்க்கிறேன்.
பெயர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.

வாசிக்கும்போது குரல்கள் இல்லை. எப்போதுமே அப்படித்தான். வாய்விட்டுப் படித்தால் அடங்கிவிடுகின்றன, முணுமுணுப்பாகப் பாடினாலும். குரல் கேட்கும் நேரத்தில் சிலருடைய பேச்சுத் தசைகளில் நுண்ணிய அசைவைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. தானே பேசுவதைத் தனதென்று அறியாமல் கேட்பது என்று விளக்கம் சொல்கிறார்கள். உண்மையோ இல்லையோ, என் தொண்டையை நான் எடுத்துக்கொண்டால் அவற்றுக்கு இடம் இல்லை. கவிதையால் எனக்கு என்ன பயன் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அழகெல்லாம் அப்புறம்.

கூட்டம் முடிந்து ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “கொடுத்து வெச்சவங்க நீங்க. எங்களுக்கெல்லாம் அந்த உலகம் திறக்க மாட்டேங்குதே.” ஹோல்டர்லினைப் பற்றிப் பேசினார். அந்த ஜெர்மன் கவிஞர் 1807-லிருந்து 1843-ல் இறக்கும்வரை 36 வருடம் டூபிங்கனில், நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு கோபுர அறையில் இருந்தார். கடைசிக் காலக் கவிதைகளில் ‘ஸ்கார்டனெல்லி’ என்று கையெழுத்துப் போட்டு, நடப்புக்குப் பொருந்தாத தேதிகளை எழுதினார். நண்பருக்கு இதெல்லாம் ஒரே மயக்கம். எனக்குத் தன் பெயரைத் தானே போட முடியாத ஒரு கிழவர் தெரிகிறார். அந்தக் கோபுரம் ஒரு தச்சருடைய வீடு. அவர் குடும்பம்தான் 36 வருடம் பார்த்துக்கொண்டது. அங்கே யார் விரிப்பை மாற்றினார்கள், ராத்திரி இரண்டே காலுக்கு யார் விளக்கைப் போட்டார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

மே 24, சனி

உலக மனச்சிதைவு விழிப்புணர்வு நாள். காலையிலிருந்து போனில் வாழ்த்து மாதிரி வந்துகொண்டிருக்கிறது. உலக அளவில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அன்றைய கூட்டத்தில் முப்பது பேர்கூட இல்லை. அங்கே நான் மட்டும்தான் என்று கணக்கு சொல்கிறது.

பெயர்தான் தொல்லை. 1908-ல் சுவிஸ் மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர், பிளத்தல், மனம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்றார். எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இணைய மறுப்பதைச் சொல்ல வந்தார். ஊரெல்லாம் ‘ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள்’ என்று புரிந்துகொண்டது. அது வேறு நோய். ஜப்பானில் ‘மனப்பிளவு’ என்ற பொருள் கொண்ட பெயரை 2002-ல் கைவிட்டு, ஒருங்கிணைவு தவறுதல் என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தார்கள். புதுப்பெயர் வந்தபின் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லவே மருத்துவர்களுக்குத் தயக்கம் குறைந்ததாம்.

நமக்கு மனச்சிதைவு. சிதைவு, சிதிலம், சிதறல், சிதை. சிதை என்றால் பிணம் எரிக்க அடுக்கும் விறகு. சரி, இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இதுவும் ஓசை பிடித்துப் போகிற போக்குத்தான்.

மே 27, செவ்வாய்

25 மில்லிகிராமுக்குத் தூக்கம் கூடியிருக்கிறது. மூளை இப்போது பதினொன்றுக்குத்தான் வருகிறது.

மே 29, வியாழன்

ஒரு சிக்கலைப் பற்றி இதுவரை எழுதாமல் இருந்தேன். குரல்கள் என்னோடு பேசுவதில்லை, என்னைப் பற்றிப் பேசுகின்றன. ‘இப்ப பேனாவ எடுக்கறா.’ ‘எடுத்துட்டு என்ன கிழிக்கப் போறா.’ படர்க்கை. சில நாள் அதிலேயே நல்ல வரி வந்துவிடும். எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பது என் சட்டம். ஒரு வரியை எடுத்தால் அடுத்த வரியை அதுதான் சொல்லும், அப்புறம் பேனா யாருடையது?

ஆனால் இன்று பதினொன்றரைக்கு ‘எழுத மாட்டா’ என்று ஆரம்பித்தபோது, கை பழக்கத்தில் அட்டையில் எழுதியது ‘எழுத மாட்டாளாம்’.

ஒரு ‘ஆம்’. பக்கத்து வீட்டு வம்பை நாம் தெருவில் சொல்லும்போது போடுகிற அதே ‘ஆம்’. நான் பார்க்கவில்லை, நான் பொறுப்பில்லை, யாரோ சொன்னார்கள். இத்தனை வருடமாக வாயில் இருக்கிற விகுதி, இதற்கு உதவும் என்று தோன்றவே இல்லை.

எழுத மாட்டாளாம்.
எழுதினாலும் யாரும் படிக்க மாட்டார்களாம்.
படித்தாலும் புரியாதாம்.
பேனாவில் மை தீர்ந்துவிட்டதாம்.
தீரவில்லை.

தங்கை பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து படித்தாள். நாலாவது வரியில் சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் அந்தக் குரல்களைப் பார்த்து யாராவது சிரித்தது இதுதான் முதல் தடவை.

“போல எங்கக்கா?”

“இதுக்கு வேண்டாம். ‘ஆம்’ எண்ணு.”

எண்ணினாள். நாலு. நாலுக்கும் கோடு போட்டுவிட்டு, பேனாவை எடுத்துத் தாளில் ஒரு கிறுக்கு கிறுக்கிப் பார்த்தாள், மை இருக்கிறதா என்று.