திரைக்கு இப்பால்

மட்டக்களப்பு வாவியை நாங்கள் பேச்சில் ஆறு என்றே சொல்வோம். அதன் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் பெரியகல்லாற்றில் பிறந்த நான், ஆவணித் தீர்த்தத்துக்குச் சில நாள் முன்பாக, பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு, குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூர் முருகன் கோயிலுக்குச் சென்றேன். (பாதை என்பது இங்கே வழியன்று; ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சுமந்து அக்கரை சேர்க்கும் மிதவை. வெளியூரார் இச்சொல்லில் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.) கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் இந்தத் தாமதத்தை மறந்துவிட்டார்கள். எனக்கோ துறையில் காத்திருக்கும் நேரமும் யாத்திரையின் பகுதியாகவே தோன்றுகிறது.

மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் மூலத்தானத்தைத் திரை மறைத்திருக்கும். பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திர ஒலி எதுவுமின்றி, திரைக்கு அப்பால் மௌனமாகப் பூசை செய்வார். சிறுவயதில் என் பெத்தாவின் (பாட்டியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் திரையின் முன் முதன்முதலாக நின்றபோது நான் ஏமாந்துபோனேன். நல்லூரில் கண்ட அலங்காரத்தை வகுப்புத் தோழன் ஒருவன் நாள்கணக்கில் வருணித்திருந்தான். அவனிடம் போய்ச் சொல்ல என்னிடம் ஒரு துணியைத் தவிர வேறெதுவும் இல்லை. சாமியைக் காட்ட மாட்டார்களா என்று கேட்டேன். "நாம காணவா மனே வந்த? அவர் நம்மளக் காணட்டும் எண்டு வந்திருக்கம்" என்றார் பெத்தா. அந்த விடை அப்போது எனக்குச் சமாளிப்பாகவே பட்டது.

அதற்கு விளக்கம் அவருடைய நடத்தையில்தான் இருந்தது. வேளாண்மை வெட்டி நெல் வீடு வந்ததும், விடியுமுன் எழுந்து, பக்கத்துத் தெருவில் ஆண்துணை இல்லாத ஒரு வீட்டின் திண்ணையில் சில கொத்து நெல்லைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுத் திரும்புவார். ஒருமுறை தூக்கக் கலக்கத்தோடு பின்தொடர்ந்த என்னை, வாயில் விரல் வைத்து அடக்கினார். அந்த வீட்டுக்காரி பகலில் எங்கள் கிணற்றுக்கு நீர் அள்ள வந்தபோது, அவர் வெயிலைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் மட்டுமே பேசினார். இந்தக் குணத்தை அவர் மண்டூரில் கற்றாரா, குணம் அப்படி இருந்ததால்தான் மண்டூர் அவருக்குப் பிடித்ததா என்பதை என்னால் இன்றும் பிரித்தறிய முடியவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் ஊருக்குள் புகுந்தபோது பெத்தா உயிருடன் இல்லை. அடுத்த நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கியிருந்த எங்களுக்குப் படுவான்கரையிலிருந்து சோற்றுப் பார்சல்கள் வந்தன. வாழையிலையில் கட்டிய சோறு, பருப்பு, ஒரு துண்டுக் கருவாடு. கொண்டுவந்தவர்கள் இறக்கி வைத்ததும் போய்விட்டார்கள். எந்த ஊர், எந்த அடுப்பு என்று இன்றுவரை அறியேன். அந்தச் சோற்றை உண்ணும்போதுதான், சிறுவயதில் என்னை ஏமாற்றிய திரை எனக்கு முதன்முறையாக நினைவுக்கு வந்தது.

இம்முறை திரையின் முன் மகள் கேட்ட கேள்வியும் நான் கேட்டதேதான். பெத்தாவின் விடையையே சொல்லி வைத்தேன். அவளுடைய முகமும் தெளியவில்லை.

வெளியே வந்து அன்னதானத்துக்குப் பணம் கொடுத்தேன். பற்றுச்சீட்டு எழுதியவர் பெயர் கேட்டார். ஒரு கணம் தயங்கினேன். பின்னர் பெயரையும் ஊரையும் முதலெழுத்துடன் சொன்னேன். திரும்பும்போது பாதை ஆற்றின் நடுப்பகுதியை அடைந்த வேளையில், உபயகாரரின் பெயர்களைக் கோயில் ஒலிபெருக்கி ஒவ்வொன்றாக வாசிப்பது நீர்மேல் மிதந்து வந்தது. மகள் ஏதோ கேட்டாள். "கொஞ்சம் பொறு மகள்" என்று கையமர்த்திவிட்டு, என் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.