ஏஜென்ட்கள் திருத்திய கடிதங்களைப் படியுங்கள்

ஆங்கிலத்தில் நாவல் எழுதி முடித்துவிட்டு, இதை நியூயார்க்கிலோ லண்டனிலோ உள்ள ஒரு பெரிய பதிப்பகத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று அவ்வப்போது யாராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். அங்கே பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளரிடம் நேரடியாகக் கையெழுத்துப் பிரதி வாங்குவதில்லை, நடுவில் ஒரு இலக்கிய ஏஜென்ட் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஏஜென்ட்களில் பலர், எதை எடுக்கிறோம், எதைத் தள்ளுகிறோம், ஏன் தள்ளுகிறோம் என்பதையெல்லாம் இருபது வருடமாக வெளிப்படையாக எழுதி வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் பலருக்குத் தெரியவில்லை. பணம் கட்டிப் போகிற எத்தனையோ பயிலரங்குகளில் கிடைக்காத விஷயம் அதில் இருக்கிறது, அதுவும் இலவசமாக.

ஆனால் அதை எப்படிப் படிப்பது என்று ஒன்று இருக்கிறது. 'புதிய எழுத்தாளர்களுக்குப் பத்து யோசனைகள்' மாதிரியான பதிவுகளைத்தான் எல்லோரும் முதலில் தேடிப் போகிறார்கள். அவற்றால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். 'தெளிவாக எழுதுங்கள்', 'ஆர்வத்தைத் தூண்டுங்கள்' என்றால் யாருக்குத்தான் தெரியாது? நாவலை அறிமுகப்படுத்தி எழுத்தாளர்கள் அனுப்பிய கடிதங்களை எடுத்து ஏஜென்ட்கள் வரிக்கு வரி திருத்தியிருக்கிறார்கள் அல்லவா, அதைத்தான் படிக்க வேண்டும்.

இதில் முதலிடம் ஜேனட் ரீட் என்ற நியூயார்க் ஏஜென்டுக்குத்தான். 'க்வெரி ஷார்க்' என்ற வலைப்பதிவில் அவர் வருடக்கணக்காக ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தார். நாவலை அறிமுகப்படுத்தி ஏஜென்டுக்கு அனுப்பும் ஒரு பக்கக் கடிதத்துக்கு க்வெரி என்று பெயர். யார் வேண்டுமானாலும் தங்கள் க்வெரியை அவருக்கு அனுப்பலாம். அவர் அதை எல்லோரும் பார்க்கப் பிரித்துப் போடுவார்: இந்த வரியில் படிப்பதை நிறுத்திவிட்டேன், இந்தப் பெயர் யாருடையது என்று தெரியவில்லை, இங்கே ஏன் கேள்வி கேட்கிறீர்கள், கதையைச் சொல்லுங்கள். எழுதியவர் திருத்தி மறுபடி அனுப்புவார். அதுவும் பழைய கடிதத்தோடேயே வெளிவரும். இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேலே திருத்தங்கள் போகும். கடைசியில் 'இந்த நாவலை அனுப்பச் சொல்லிக் கேட்பேன்' என்று அவர் எழுதும்போது நமக்கே சந்தோஷமாக இருக்கும். இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள். அனுப்புவதற்கு முன்னால் பழையவை அத்தனையையும் படித்துவிட்டு வரவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கறாரான நிபந்தனைதான், ஆனால் அதை அப்படியே கடைப்பிடித்தவர்கள் அவரிடம் கடிதத்தை அனுப்பத் தேவையே இல்லாத நிலைக்கு வந்திருப்பார்கள். 2024-இல் அவர் காலமானார். முகம் தெரியாத இத்தனை பேருக்காக ஒருவர் இவ்வளவு நேரம் செலவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்த முந்நூறு கடிதங்களுக்கும் அடியில் அவர் கேட்டது சில கேள்விகள்தான். முக்கியப் பாத்திரம் யார்? அவருக்கு என்ன வேண்டும்? அதைக் கிடைக்கவிடாமல் தடுப்பது எது? அதை அடைய அவர் எதை இழக்க வேண்டும்? பார்க்க எளிமையாக இருக்கிறது. உங்கள் நாவலை எடுத்து இந்த நான்குக்கும் பதில் எழுதிப் பாருங்கள், நான்காவதில் பேனா நிற்கும்.

நானே ஒரு உதாரணம் போடுகிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் ஒரு நாவல் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் எழுதும் கடிதம் இப்படித் தொடங்கும்: "பேராசை, துரோகம், மன்னிப்பு ஆகிய என்றுமுள்ள உணர்வுகளை மூன்று தலைமுறைகளின் வழியே ஆராயும் படைப்பு இது. உண்மைக்கும் உறவுக்கும் நடுவே ஒருத்தி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்?" இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆளும் இல்லை, சம்பவமும் இல்லை. இதே வரிகளை வேறு ஆயிரம் நாவல்களின் மேல் ஒட்டிவிடலாம். இப்போது இதைப் பாருங்கள்: "உப்பளத்தில் கணக்கெழுதும் செல்விக்கு, முதலாளி இரண்டு பேரேடு வைத்திருப்பது தெரியும். இரண்டாவதை எழுதுவதே அவள்தான். கூலி பாக்கி கேட்டு அவளுடைய அக்கா வழக்குப் போடும்போது செல்வியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் முதலாளியிடம் அடகில் இருக்கும் வீடு போய்விடும். மறைத்தால், ஊர் முன்னால் அக்கா பொய்க்காரி ஆவாள்." அவ்வளவுதான். கருப்பொருள் என்ற பேச்சே வரவில்லை, துரோகம் என்ற சொல்லும் இல்லை, ஆனால் படிக்கிறவருக்கு மேலே என்ன என்று கேட்கத் தோன்றும். மூன்று தலைமுறை, தாத்தா காலத்துப் புயல், சித்தப்பாவின் இரண்டாம் கல்யாணம் எல்லாம் நாவலில் இருக்கட்டும், கடிதத்துக்குள் வர வேண்டாம். மொத்தமே 250 வார்த்தைக்குப் பக்கத்தில் முடிக்க வேண்டிய கடிதம் அது.

முக்கியமாக, இந்த நான்காவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு கடிதத்தில் இருக்காது, நாவலில்தான் இருக்கும். நாயகி எதையும் இழக்கவே வேண்டியதில்லை, அல்லது எல்லாம் அவளுக்கு நடக்கிறதே தவிர அவளாக ஒன்றும் செய்வதில்லை. அடுத்தவர் கடிதங்களை நூறு இருநூறு என்று படித்துக்கொண்டே போகிறபோது இது பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும். நம்முடையதைப் பார்த்தால் தெரியாது. நாம்தான் அந்தப் பாத்திரங்களோடு வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தியிருக்கிறோமே.

இதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பயிற்சி கொடுத்தவர் நேதன் பிரான்ஸ்ஃபோர்ட். கர்ட்டிஸ் பிரவுன் நிறுவனத்தின் ஏஜென்டாக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வேலை பார்த்தவர். 2009-இல் 'ஒரு நாள் ஏஜென்டாக இருந்து பாருங்கள்' என்று சொல்லி 50 க்வெரிகளை வாசகர்கள் முன்னால் வைத்தார். அதில் பிரதியைக் கேட்க ஐந்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம். சில கடிதங்கள் உண்மையிலேயே புத்தகமாக வெளிவந்த நாவல்களுடையவை. எவை என்று சொல்லவில்லை. கலந்துகொண்டவர்கள் சீக்கிரமே களைத்துப்போனார்கள். முப்பதாவது கடிதத்துக்கு வரும்போது மனம் எதையாவது சாக்கு வைத்துத் தள்ளத்தான் பார்க்கும். இவ்வளவுக்கும் 50 தான். கிறிஸ்டின் நெல்சன் என்ற டென்வர் ஏஜென்ட் வருடக் கடைசியில் தன் அலுவலகக் கணக்கைப் பொதுவில் போடுவார்: வந்த கடிதங்கள் ஆயிரக்கணக்கில், அந்த வருடம் புதிதாக எடுத்துக்கொண்ட எழுத்தாளர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. இதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. 'எங்களுக்கு ஏற்றதாக இல்லை' என்று ஒரு வரி மறுப்பு வந்தால் அது உங்கள் எழுத்தின் மேல் எழுதிய தீர்ப்பு இல்லை என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் புரியும். பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பி ஒருவர்கூடப் பிரதியைக் கேட்கவில்லை என்றால் கடிதத்தைப் பாருங்கள். கேட்டுவிட்டு, படித்தபின் வேண்டாம் என்றால் நாவலின் ஆரம்பப் பக்கங்களைப் பாருங்கள். மறுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

நெல்சன் செய்த இன்னொரு உபகாரம், தான் ஏற்றுக்கொண்ட எழுத்தாளர்கள் முதன்முதலாக அனுப்பிய க்வெரிகளை, அவர்கள் அனுமதியோடு, எந்த வரி தன்னைப் பிடித்து நிறுத்தியது என்ற குறிப்புடன் வெளியிட்டது. தோற்ற கடிதங்களை நிறையப் படித்தபின் இதைப் படித்தால் நன்றாக உறைக்கும். அவருக்கும் முன்னால், 2005 முதல் 2007 வரை 'மிஸ் ஸ்னார்க்' என்ற பெயரில் ஒரு நியூயார்க் ஏஜென்ட் தன் பெயரைச் சொல்லாமல் எழுதினார். நாக்கு கொஞ்சம் நீளம்தான், ஆனால் புதியவர்களை ஏமாற்றுகிறவர்கள் என்றால் அவருக்கு வந்த கோபம் உண்மையானது.

சரி, பணத்துக்கு வருவோம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஏஜென்ட் என்பவர் உங்கள் புத்தகம் விற்றால்தான் சம்பாதிப்பார்: உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை விற்றால் வழக்கமாக 20. படித்துப் பார்க்கக் கட்டணம், பதிவுக் கட்டணம், 'மதிப்பீட்டுக்' கட்டணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்க ஏஜென்ட்கள் சங்கத்தின் நடத்தை விதியே படிப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. எழுத்தாளர்களை ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எச்சரிக்க, 'ரைட்டர் பிவேர்' என்ற பெயரில் விக்டோரியா ஸ்ட்ராஸும் மறைந்த ஏ.சி. கிறிஸ்பினும் 1998-இல் தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. யாருக்காவது பிரதியை அனுப்புவதற்கு முன் அந்த ஏஜென்டின் பெயரை அவர்கள் இணையதளத்தில் தேடிப் பார்ப்பது நல்லது.

ஒப்பந்தம் பற்றி ஏஜென்ட்கள் எழுதியவை, ஏஜென்டே தேவைப்படாத தமிழ் எழுத்தாளருக்கும் உதவும் என்று நினைக்கிறேன். நெல்சன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும் எடுத்து விளக்கியிருக்கிறார். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் கெட்டி அட்டைப் பதிப்புக்கு முதல் 5,000 பிரதிக்கு 10 சதவீதம், அடுத்த 5,000-க்கு 12.5, அதற்கு மேல் 15 என்று ராயல்டி கொடுப்பது வழக்கம் என்பதெல்லாம் நமக்கு வெறும் செய்திதான். ஆனால் புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது, எப்படி எழுத்தாளரிடம் திரும்பி வரும்? மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம்? ஒலிப்புத்தகம், மின்னூல், திரைப்பட உரிமை? இவற்றை அங்கே ஒவ்வொன்றாகப் பேசி எழுதுகிறார்கள். நம்மூரில் இன்னமும் எத்தனையோ புத்தகங்கள் வாய்ப்பேச்சிலேயே அச்சுக்குப் போகின்றன. பதிப்பாளர் நல்லவராகவே இருக்கட்டும், உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு அந்த நாவல் ஆங்கிலத்தில் போவதாக இருந்தால் முதல் கேள்வியே உரிமை யாரிடம் என்பதுதான்.

படிக்கும்போது தேதியைக் கவனியுங்கள். 2006-இல் எழுதியதில் பதில் தபாலுக்கு ஸ்டாம்ப் ஒட்டிய உறை வைக்கச் சொல்லியிருப்பார்கள். இப்போது பலரும் இணையப் படிவம் வைத்திருக்கிறார்கள், அதிலும் சிலர் வேண்டாம் என்றால் பதிலே போடுவதில்லை. அப்புறம், ஏஜென்ட்கள் ஒருவருக்கொருவர் முரண்படுவார்கள். ஒருவர் கடிதத்தின் முதல் வரியிலேயே கதைக்கு வா என்பார், இன்னொருவர் ஏன் எனக்கு அனுப்பினாய் என்று முதலில் சொல் என்பார். இரண்டும் ரசனை. யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர் சொன்னபடி செய்யுங்கள். பிரிட்டனில் பொதுவாகக் கடிதத்தோடு கதைச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் கேட்பார்கள், அமெரிக்காவில் கடிதம் மட்டும், அல்லது கூடவே முதல் சில பக்கங்கள். வளர்ந்தவர்களுக்கான முதல் நாவல் 80,000-இலிருந்து ஒரு லட்சம் வார்த்தைக்குள் இருந்தால் யாரும் தயங்க மாட்டார்கள். இரண்டரை லட்சம் என்றால் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே தயக்கம் வந்துவிடும்.

நியூயார்க்தான் வேண்டும் என்பதும் இல்லை. டெல்லியில் கனிஷ்கா குப்தாவின் ரைட்டர்ஸ் சைட், ஜெய்ப்பூரில் மீதா கபூரின் சியாஹி என்று இங்கேயே ஏஜென்சிகள் இருக்கின்றன. உப்பளத்தில் நடக்கும் கதையை இவர்களுக்கு எழுதும்போது, உப்பளம் என்றால் என்ன என்று கடிதத்தில் விளக்க ஒரு வரி செலவாகாது. அந்த இடத்தில் செல்வியைப் பற்றி இன்னும் ஒரு வரி எழுதலாம்.