மாத வருமானம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பி கடை. உதவித்தொகைப் படிவத்தோடு ஒரு தங்கச்சி நின்றாள்.

எல்லாம் நிரப்பியிருந்தாள். அப்பாவின் மாத வருமானம் என்ற கட்டம் மட்டும் வெறுமை.

“அப்பாவுக்கு நாட்கூலி அண்ணா. மழை பெய்தால் வேலை இல்லை. எவ்வளவு எண்டு எழுதுறது?”

கிராம சேவகரிடம் இதையே சொல்லி வருமானச் சான்றிதழ் எடுக்கச் சொன்னேன்.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் மகாபொல நிதியம் 1981இல் சட்டமாக வந்தது. அது கிடைக்காத பிள்ளைகளுக்கு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பேர்சரி என்ற உதவிப்பணம் இருக்கிறது. இரண்டுக்கும் வீட்டு வருமானம் பார்ப்பார்கள். நிரந்தரச் சம்பளக்காரர் வீட்டில் ஒரு கடிதத்தோடு முடியும் வேலை, கூலி வீட்டில் நாட்கணக்கில் அலைச்சல்.

கொழும்பில் போர்டிங் வாடகைக்கே அந்தக் காசு போதாது. அப்படியிருந்தும், படிப்பை விடாமல் பிடித்து வைப்பது அதுதான்.

பக்கத்து வீட்டில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிய பிள்ளை இருந்தால், கூட உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். முடிவுத் திகதிக்கு முன்.