"இது ஸ்கோபஸ்ஸா மேடம்?"

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்கள் என் மேஜைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்விதான் மேலே தலைப்பில் இருப்பது. போனில் ஒரு ஜர்னலின், அதாவது ஆய்விதழின், பெயரைக் காட்டி அது ஸ்கோபஸ் என்கிற பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் முகம் மலரும், இல்லை என்றால் வாடிவிடும். அந்த ஜர்னலில் என்ன வருகிறது, யார் எழுதுகிறார்கள், ஒரு கட்டுரையாவது படித்தீர்களா என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. பிஎச்டி முடிக்கப் பேப்பர் போட்டே ஆகவேண்டும் என்கிற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு (யுஜிசி) 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. ஆனாலும் பல இடங்களில் கேட்கிறார்கள். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கேட்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

என் ஆதங்கம் வேறு. எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்வது சைட்டேஷன் இண்டெக்ஸ். ஸ்கோபஸும் அப்படி ஒன்றுதான். அந்த அருமையான கருவியை ரேஷன் கார்டு மாதிரி ஆக்கிவிட்டோம். பெயர் இருக்கிறதா, இல்லையா, அதோடு சரி. உண்மையில் அது தேடுவதற்காக வந்தது. அதிலும் குறிப்பாக, ஒரு பேப்பரில் சொன்னது இன்னும் நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக வந்தது.

இந்தக் கருவியின் வேர் வக்கீல்களிடம் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873-ல் ஒரு பட்டியலைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பு, அதன் கீழே பிற்பாடு அதை எடுத்துக்காட்டிய தீர்ப்புகள், அவை அதை ஏற்றனவா, தள்ளினவா என்ற குறிப்பு. கும்பகோணம் கோர்ட்டில் எந்த வக்கீலைக் கேட்டாலும் இதன் அருமையைச் சொல்வார். பழைய தீர்ப்பு ஒன்றை நம்பி வாதாடிக்கொண்டிருக்கும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "அது சுப்ரீம் கோர்ட்டில் அடிபட்டுப் போச்சுங்க ஐயா" என்றால் கட்சிக்காரர் கதி என்ன?

இந்த யோசனையை அறிவியலுக்குக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1955-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். மோசடியான, அரைகுறையான, காலாவதியான தகவலை யோசிக்காமல் மேற்கோள் காட்டுகிற பழக்கத்தைத் தடுக்கலாம், முந்தைய கட்டுரைகள் மேல் வந்த விமர்சனங்கள் ஆய்வாளர் கண்ணில் படும் என்பதுதான் அவர் முன்வைத்த காரணம். 1960-ல் ஃபிலடெல்ஃபியாவில் நிறுவனம் தொடங்கினார், 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் விற்பனைக்கு வந்தது. அதன் வாரிசுதான் இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ். எல்செவியரின் ஸ்கோபஸ் 2004-ல் வந்தது, கூகுள் ஸ்காலரும் அதே வருடம். இடைச்செருகலாக ஒன்று: நம்ம சீர்காழியில் 1892-ல் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதனைப் பற்றி இதே கார்ஃபீல்டு 1984-ல் புகழ்ந்து எழுதியிருக்கிறார். நூலகர் தினமான ஆகஸ்ட் 12 வந்தால் ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று அவர் 1931-லேயே சொன்ன நூலக விதிகளில் நான்காவது மறுநாள் மறந்துபோகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொருளாதாரத் துறை ஆராய்ச்சி மாணவர் ஒருவர். குத்தாலம் வட்டாரத்தில் திருந்திய நெல் சாகுபடியை விவசாயிகள் எந்த அளவு ஏற்றுக்கொண்டார்கள் என்பது அவர் தலைப்பு. பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, சதுர நடவு, கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவி, காயவிட்டுத் தண்ணீர் கட்டுவது என்று டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மடகாஸ்கரில் பிறந்த முறை. மாணவர் தன் முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஸ்டூப், உப்ஹாஃப், காசம் மூவரும் இந்த முறையை ஆதரித்து 2002-ல் எழுதிய கட்டுரையைத் தூணாக நிறுத்தியிருந்தார். "நூத்துக்கணக்கான பேர் சைட் பண்ணியிருக்காங்க மேடம், பெரிய பேப்பர்" என்றார்.

"எதுக்குத் தம்பி சைட் பண்ணாங்க?" என்றேன். முழித்தார்.

பக்கத்தில் உட்காரவைத்து கூகுள் ஸ்காலரைத் திறந்தேன். அந்தக் கட்டுரைக்குக் கீழே 'சைட்டட் பை' என்று ஓர் எண் இருக்கும். எல்லோரும் எண்ணைப் பார்ப்பார்கள், அதை அழுத்த மாட்டார்கள். அழுத்தினால், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய அத்தனையும் வரிசையாக வரும். மேலே சின்னப் பெட்டி ஒன்று: மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடு. அதில் டிக் அடித்து, தேடும் இடத்தில் விமர்சனம், பிழை, ஒப்பீடு என்ற அர்த்தத்தில் வரும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன்.

சண்டை வெளியே வந்தது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஷீஹியும் மற்றவர்களும் 2004-ல் 'ஃபீல்டு கிராப்ஸ் ரிசர்ச்' இதழில் எழுதியது முதலில். இந்த அபார விளைச்சல் உண்மையா, பிழையா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். சீனாவில் மூன்று இடங்களில் சோதித்துப் பார்த்து, இந்த முறைக்கென்று தனியாக விளைச்சல் அனுகூலம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அடுத்து அதே இதழில் 2006-ல் மெக்டொனால்டு, ஹாப்ஸ், ரிஹா. பல இடத்துச் சோதனை முடிவுகளைத் தொகுத்து, மடகாஸ்கரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நல்ல முறையில் செய்த வழக்கமான சாகுபடியைவிடச் சராசரியாக 11 சதவீதம் குறைவுதான் என்றார்கள். மாணவருக்கு முகம் தொங்கிவிட்டது. "இருங்க தம்பி, இன்னும் முடியல" என்று மெக்டொனால்டு கட்டுரையின் 'சைட்டட் பை'யை அழுத்தினேன். 2008-ல் உப்ஹாஃப், காசம், ஸ்டூப் மூவரும் பதிலடி கொடுத்திருந்தார்கள், அதே இதழில். மேஜையில் உட்கார்ந்து செய்த அந்த ஒப்பீட்டின் முறையையே கேள்வி கேட்டு.

யார் சரி என்று சொல்ல நான் யார்? ஆனால் இந்த மூன்றையும் தெரியாமல் 2002 கட்டுரையை மட்டும் தூணாக நிறுத்தினால், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், யாராவது ஒருவர் ஒரே கேள்வியில் சாய்த்துவிடுவார். இன்னொன்றையும் அவருக்குக் காட்டினேன். எதிர்த்தவர்களும் அந்த 2002 கட்டுரையை மேற்கோள் காட்டித்தான் எதிர்த்தார்கள். அவர் பெருமையாகச் சொன்ன எண்ணிக்கையில் திட்டியவர்களும் சேர்த்தி. பாராட்டியவர்களிலும் ஆசிரியர்களின் சொந்த மேற்கோள் எவ்வளவு, அதே குழுவின் கூட்டாளிகள் எத்தனை பேர் என்று பெயர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்னுரையில் ஒரே அடைப்புக்குறிக்குள் ஏழெட்டுப் பெயரோடு சும்மா தூக்கிப் போட்டிருக்கிறார்களா, அல்லது அந்தக் கட்டுரையின் முறையை எடுத்துத் தாங்களே செய்து பார்த்தார்களா என்பதற்குக் கட்டுரையைத் திறந்து அந்த வரியைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டு கட்டுரை. 1998-ல் 'லான்செட்'டில் வந்தது, 2010-ல் அந்த இதழே திரும்பப் பெற்றது. அதை மேற்கோள் காட்டுவது இன்னும் நின்றபாடில்லை. திரும்பப் பெற்ற கட்டுரைகளின் பட்டியலை ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற குழு தொகுத்தது. 2023-ல் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடையாள எண் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மேற்கோள் பட்டியலை அதில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

இம்பாக்ட் ஃபாக்டர் பற்றி நிறையச் சொல்ல விருப்பமில்லை. அது ஒரு ஜர்னலின் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி, உங்கள் பேப்பரின் மார்க் இல்லை. அதைத் தருவது வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனத்தின் ஆண்டுப் பட்டியல் மட்டும். முன்னால் வேறு பெயரை ஒட்டிக்கொண்டு வரும் இம்பாக்ட் ஃபாக்டரெல்லாம் யாரோ தனக்குத் தானே போட்டுக்கொண்ட பட்டம்.

தலைப்பில் உள்ள கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு மறுபடி வருவீர்கள். ஸ்கோபஸின் ஜர்னல் பட்டியலைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒவ்வொரு ஜர்னலுக்கும் உரிய ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்துத் தேடுங்கள். நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்றும் பாருங்கள். முந்தைய வருடங்களோடு நின்றிருந்தால் பட்டியலிலிருந்து தூக்கியிருக்கலாம், அல்லது ஜர்னலே நின்றோ பெயர் மாறியோ இருக்கலாம். "பதினைந்து நாளில் ஸ்கோபஸ்" என்று வாட்ஸாப்பில் விலை சொல்கிறவனிடம் பேச்சே வேண்டாம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி. இந்த இண்டெக்ஸெல்லாம் முன்பெயர், குடும்பப்பெயர் என்று பழகியவர்கள் கட்டியது. நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர். ஆர். செந்தில்குமார் ஒரு பேப்பரில் செந்தில்குமார் ஆர் ஆவார், இன்னொன்றில் செந்திலை வெட்டிக் குமார் ஆர்.எஸ். ஆவார், மூன்றாவதில் அவருடைய அப்பா ராமசாமி முழுப்பெயரோடு வந்து ஆசிரியராகிவிடுவார். ஸ்கோபஸ் மூன்று ஆளாக எண்ணும். எதிர்ப்பக்கம், எஸ். குமார் என்று தேடினால் இந்தியா முழுவதிலிருந்தும் வந்து நிற்பார்கள். பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல். எம்.பில். காலத்துப் பேப்பர் ஒரு பெண்ணுடையது, பிஎச்டி பேப்பர் வேறொரு பெண்ணுடையது என்று ஆகிவிடுகிறது. என்னிடம் வரும் பெண்களிடம் முதலில் சொல்வது இதுதான்: எந்த இனிஷியலோடு முதல் பேப்பர் போட்டீர்களோ, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் யாரும் ஜர்னல் படிக்கப் போவதில்லை. 2012 முதல் ஓர்க்கிட் என்று ஆய்வாளருக்கான தனி அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் பேப்பரோடு சேர்த்துப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வெப் ஆஃப் சயின்ஸுக்கும் ஸ்கோபஸுக்கும் சந்தா கட்டுகிற வசதி எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான், அதுவும் ஜர்னல்களைப் படிப்பதற்கு. அதனால் நாங்கள் கூகுள் ஸ்காலரையும், 2022 முதல் கட்டணமில்லாமல் கிடைக்கும் ஓப்பன்அலெக்ஸ் என்ற இண்டெக்ஸையும் வைத்து ஓட்டுகிறோம். ஸ்காலரில் எண்ணிக்கை எப்போதும் கூடத்தான் காட்டும், ஆய்வேடு, கருத்தரங்க மலர் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். டெல்டா ஆய்வுக்கு அந்தக் குப்பையே சில சமயம் பொக்கிஷம். 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிற ஆடுதுறை பற்றித் தேடினால், பெரிய இண்டெக்ஸில் எட்டிப்பார்க்காத உள்ளூர் இதழ்க் கட்டுரைகள் அங்கே அகப்படும்.

தமிழ்த்துறைக்காரர்கள் வந்தால் எனக்குச் சங்கடம். மேற்கோளின் மதிப்பு அவர்களுக்குப் புதிதில்லை. இன்று முழுதாகக் கிடைக்காத தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது நமக்குத் தெரிவதே, உரைகாரர்களும் தொகுப்பாளர்களும் அதிலிருந்து பாடல்களை எடுத்தாண்டதால்தான். ஆனால் தேவாரத் தலங்களைப் பற்றித் தமிழில் எழுதிய ஆய்வை யார் யார் பயன்படுத்தினார்கள் என்று காட்ட எந்த இண்டெக்ஸும் உருப்படியாக இல்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருக்கும் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலைப் பார்த்து, காவிரிக்கரைத் தலங்கள் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் நானே ஓர் எக்ஸெல் கோப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு பத்தியில் ஆய்வேடு, அடுத்த பத்தியில் அது எடுத்தாண்ட நூல்கள், அவ்வளவுதான். இணையத்தில் ஏறாத பழைய எம்.பில். ஆய்வேடு உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், முகப்புப் பக்கத்தையும் துணைநூற்பட்டியலையும் மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பக்க எண் தெரிந்தால் போதும்.