வந்தாறுமூலை போடிங்: மலர் வேலைக் குறிப்புகள்

2024 ஓகஸ்ட் 28, புதன்
மட்டக்களப்பு வந்தாறுமூலை மத்திய கல்லூரி போடிங்கில், அதுதான் மாணவர் விடுதியில், இருந்த பழைய ஆட்கள் ஒன்றுகூடப் போகிறார்களாம். நினைவு மலர் போடும் வேலை என் தலையில். வந்த கட்டுரைகள் முழுக்கப் பருப்புக்கறி, வார்டன், இரவில் மதில் பாய்ந்து கூத்துப் பார்க்கப் போனது. கூத்துக் கதை மட்டும் தேறும்.

செப்டம்பர் 1, ஞாயிறு
சித்தாண்டிக்குப் போய்ப் பெரியப்பாவைப் பார்த்தேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பிள்ளை; ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் வந்தவர். போடிங்குக்குக் கொண்டுபோன தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது, இப்போது அதற்குள் காணி உறுதிகள். மூடியில் வெள்ளைப் பெயின்ரில் 41 என்று போடிங் இலக்கம். கொளுக்கி நெளிந்து கிடந்தது. "ஆர் உடைச்ச?" என்றேன். "நான்தான். திறப்பு ஆத்துக்குள்ள விழுந்திட்டு."

மட்டக்களப்பு டவுனில் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலும் புனித மிக்கேல் 1873இலும் தொடங்கிவிட்டன. வேளாண்மைக்காரப் பிள்ளைக்கு அங்கே காசு கட்டித் தங்கிப் படிக்க வழியேது? 1945இல் இலவசக் கல்வி வந்ததும், அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கிராமங்களுக்குள் கொண்டுவந்த மத்திய கல்லூரிகளும்தான் கதவைத் திறந்தன. பெரியப்பா அதை இப்படிச் சொன்னார்: "மாரியில தோணி ஓடாது. போடிங் இல்லாட்டிப் பள்ளிக்கூடம் ஏது மனே?"

இதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்
ஆண்டுகள் சரிபார்த்தேன். 1978 நவம்பர் 23 சூறாவளி. 1981 ஓகஸ்ட் 1, பள்ளிக்கூட வளவிலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி. 1986 ஒக்டோபர் 1 முதல் அது கிழக்குப் பல்கலைக்கழகம்.

செப்டம்பர் 5, வியாழன்
இன்றைக்கு அந்த நாள். 1990இல் சுற்றுவட்டார ஊர்ச் சனமெல்லாம் உயிருக்குப் பயந்து இந்த வளவுக்குள்தான் அகதியாய்க் கிடந்தது. செப்டம்பர் 5, இராணுவம் 158 பேரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு போனது. ஒருவரும் திரும்பவில்லை.

மலருக்குள் இது வேண்டாமாம், "சந்தோசமான நிகழ்ச்சி தம்பி" என்று ஒருவர் போன் எடுத்தார். இந்த வளவில் பாய் போட்டுப் படுத்தவர்களின் கதைதானே கேட்டீர்கள்? அவர்களும் படுத்தார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு
பக்கம் மிஞ்சிவிட்டது, எதையாவது வெட்டு என்கிறார் அச்சகக்காரர். பருப்புக்கறிக் கட்டுரைகள் மூன்றையும் ஒன்றாக்கினேன். எழுதியவர்கள் கோபிப்பார்கள். 1990 இருக்கும்.