மீனுக்கு இன்று சாப்பாடு இல்லை

ஏப்ரல் 28

மீன் தொட்டியில் தானாகத் தீனி போடும் ஆட்டோ ஃபீடரை மாட்டியாயிற்று. ஊருக்குக் கிளம்பும் அன்று மாட்டிவிட்டு ஓடக்கூடாது, ஒரு வாரம் கண்முன்னால் ஓட வேண்டும். காலையில் உருளை சுற்றியது, தீனி விழுந்தது. அளவும் சரி.

ஏப்ரல் 30

சுற்றியது, விழவில்லை. தண்ணீர் 26 டிகிரி. எழும்பும் ஈரமெல்லாம் நேரே ஃபீடரின் வாய்க்குத்தான் போகிறது. ஃப்ளேக்ஸ் நமத்துக் கட்டியாகி அடைத்துவிட்டது. பெல்லட் போட்டால் அவ்வளவாக ஒட்டாது என்கிறார் இவர். இருக்கலாம். என் பயம் வேறு. அடைத்துக்கொண்டால் மீன் பட்டினி கிடக்கும், அவ்வளவுதான். அடைத்தது ஒருநாள் மொத்தமாகக் கொட்டினால்?

மே 1

கறுப்பு மொல்லி மீனின் வயிறு சதுரமாகி வருகிறது, குஞ்சு போடப்போகிறது. இப்போது போய்!

மே 2

இவர் விடுமுறைக் கட்டி வாங்கி வந்திருக்கிறார். பிளாஸ்டர் போல ஒரு வெள்ளைக் கட்டி, நடுவில் தீனித் துணுக்குகள். கரையக் கரைய மீன் கொத்தித் தின்னுமாம். பல மீன்கள் அதைச் சீண்டுவதுகூட இல்லை. தண்ணீர் கலங்கும், கடினத்தன்மை ஏறும். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

பசி பசி என்று எல்லோரும் பதறுகிறார்கள். தொட்டியைக் கெடுப்பது தின்னாமல் விட்ட தீனி. அது அழுகினால் அமோனியா. அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொன்று. இரண்டும் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. தினமும் வரும் கழிவு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் அவை பெருகியிருக்கும். திடீரென மூன்று மடங்கு தீனி விழுந்தால் ஈடுகொடுக்காது. முதலில் அமோனியா ஏறும், பிறகு நைட்ரைட். இரண்டும் விஷம். நாம் திரும்பி வந்து பார்க்கும்போது தண்ணீர் பால் மாதிரி இருக்கும், மீன்களெல்லாம் மேலே வாயைத் திறந்துகொண்டு... போதும், இதை எழுதக்கூடாது.

மே 3

கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். ஸ்பாஞ்சைத் தொடவில்லை. ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் அதைப் பளபளவென்று கழுவிவைப்பவர்களை என்ன சொல்வது. விளக்குக்கு டைமர், 8 மணி நேரம். ஆட்டோ ஃபீடரைக் கழற்றிவிட்டேன். நம்ப முடியவில்லை.

மொல்லி இன்னும் குஞ்சு போடவில்லை. போட்டாலும் மற்றதுகள் தின்றுவிடும், அதுவே தின்றாலும் தின்னும். பாசிக்கொத்து நிறைய இருக்கிறது. ஒளிந்துகொண்ட குஞ்சுகள் அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களைக் கொறித்து இரண்டு மூன்று நாள் ஓட்டிவிடும். ஓட்ட வேண்டும்.

மே 4

சாவியை வாங்கிக்கொள்ள அக்கா வந்தார். கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில் ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி போட்டுவைத்ததைக் காட்டினேன்.

"என்னடி இது, எறும்புக்குக்கூடப் பத்தாது."

"மீனோட வயிறு அதோட கண்ணளவுதான் இருக்கும்பாங்கக்கா."

"யாரு சொன்னா? அதுக்குப் பேசத் தெரிஞ்சா உன்னைத் திட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போனதும் தீனி டப்பாவைப் பரண்மேல் போர்வைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மே 5

கிளம்பியாயிற்று. ஹீட்டரைப் பார்த்தேனா?

மே 6

பனி, மலை, எல்லாம் அழகு. அறையில் சிக்னல் இல்லை, வாசல் படியில் நின்றால் கொஞ்சம் வருகிறது.

நன்றாக வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள நமக்குத்தான் சோறு வேண்டும், மீனின் உடம்புச் சூடு தண்ணீரிலிருந்தே வருகிறது. குஞ்சுகளுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு ஒரு நாளிலேயே பல வேளை வேண்டும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி இவருக்கே மனப்பாடம். "அப்படின்னா ஏன் படியிலேயே நிக்கிறே?" என்கிறார்.

மே 7

அக்கா படம் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். டெட்ராக்கள் எல்லாம் இருக்கின்றன. மொல்லி செடிக்குப் பின்னால். அடியில் வெள்ளையாக ஏதோ. கல்லா?

மே 8

அங்கே இரவு முழுக்கக் கரண்ட் இல்லையாம். ஃபில்டரில் நீரோட்டம் நின்று சில மணி நேரமானால் பாக்டீரியாவுக்கே மூச்சு முட்டும். காலையில் வந்துவிட்டது, பரவாயில்லை. வெறும் வயிற்று மீனுக்கு ஆக்சிஜனும் குறைவாகவே போதும், அதனால் இன்றைக்குத் தீனியே வேண்டாம் என்று சொல்லக் கூப்பிட்டேன்.

"பாவம்டி, ராத்திரியெல்லாம் இருட்டுல கிடந்துச்சுங்க. நான்தான் ஒரு டப்பா வாங்கிட்டு வந்து முதல் நாள்லேர்ந்தே கொஞ்சம் கொஞ்சம் போடறேனே!"

பரண். போர்வை. சே!

பின்னேரம்

கோபப்படக்கூடாது. சாவி அவர் கையில். அடியில் கிடப்பதை வலையால் அள்ளச் சொன்னேன். நான் எடுத்துவைத்திருக்கும் குளோரின் நீக்கிய தண்ணீரை விட்டுக் கால் பங்கு மாற்றச் சொன்னேன். "சரி சரி" என்றார், குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. இவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

மே 9

தண்ணீர் தெளிவாக இருக்கிறதாம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கவில்லையாம், கேட்டு உறுதிசெய்துகொண்டேன். இன்றைக்கு வெளியே சுற்றினோம், நன்றாகத்தான் இருந்தது. அருவியைப் பார்த்ததும் ஏர் பம்ப் ஞாபகம் வந்ததை இவரிடம் சொல்லவில்லை.

மே 10

காலையில் அக்காவின் செய்தி: "பாசிக்குள்ள கொசுப்புழு மாதிரி கறுப்பா பொடிப்பொடியா நெளியுது. தண்ணி கெட்டுப்போச்சு போல. வலையால பிடிச்சுக் கொட்டிடவா?"

கொட்டாதீங்கக்கா அது குஞ்சு என்று உடனே அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. கூப்பிட்டால் மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடி