புத்தக அட்டையின் கோப்பை அச்சகத்துக்கு அனுப்புமுன்

டெம்மி அளவில் (140-க்கு 216 மி.மீ.) 240 பக்கப் புத்தகம், பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது), நான்கு வண்ண ஆஃப்செட் அட்டை. எங்கள் மேசைக்கு அதிகம் வருவது இதுதான். உள்பக்கத் தாள் முடிவாகாமல் அட்டையில் கை வைப்பதில்லை. முதுகின் அகலம் தெரியாதே. 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேப்லித்தோ, அதாவது புத்தகத்துக்குப் போடும் சாதாரண வெள்ளைத் தாள், சுமார் 0.09 மி.மீ. கனம். 120 தாளுக்கு முதுகு ஏறக்குறைய 11 மி.மீ. அதே ஜிஎஸ்எம்மில் பல்க் தாள் (எடை கூடாமல் பருத்த தாள்) போட்டால் கனம் கூடிவிடும். அச்சகத்தில் வெற்றுத் தாளில் டம்மி (அச்சில்லாத மாதிரிப் புத்தகம்) கட்டித் தரச் சொல்லி அளப்பது நல்லது.

பின்னட்டை 140, முதுகு 11, முன்னட்டை 140: அகலம் 291, உயரம் 216 மி.மீ. சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டிப்போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 297-க்கு 222. வெட்டும்போது ஒரு மி.மீ. நகர்வது சகஜம்; பின்னணி நிறம் பிளீட் விளிம்புவரை ஓடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும்.

முன்னட்டை முழுக்கப் படம் என்றால், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1,690-க்கு 2,620 பிக்சலாவது வேண்டும். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும்; டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சிறிய படத்துக்கு 300 என்று எண்ணை மாற்றிக் கொடுப்பதில் ஒரு பயனும் இல்லை.

அதிகம் சொதப்புவது கறுப்பு. ஆர்ஜிபி (திரை வண்ண முறை) கறுப்பை போட்டோஷாப்பின் ஸ்வாப் (ஓர் அச்சு வண்ணத் தரம்) அமைப்பில் சிஎம்ஒய்கே (நான்கு மை அச்சு முறை) ஆக்கினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று ஆகும். மொத்தம் 300 சதவீத மை. பின்னட்டைக் குறிப்பின் சிறிய எழுத்து இப்படிப் போனால், மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினாலே எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தட்டும். எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும், ஓவர்பிரின்ட்டோடு (கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாவது). பெரிய கறுப்புப் பரப்புக்கு அதே வரிசையில் 60, 40, 40, 100 வைப்போம். வெறும் கறுப்பு 100 அங்கே சாம்பல் அடித்துப் போகும். அக்ரோபாட்டின் அவுட்புட் பிரிவ்யூவில் (மைகளைத் தனித்தனியே காட்டும் இடம்) கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து மறையாமல் நின்றால் அது நான்கு வண்ணக் கறுப்பு.

அடுத்தது தமிழ் எழுத்து. இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரை (இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் அமைப்பு) தேர்வு செய்யாவிட்டால் யூனிகோட் தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அதனால் கோரல் டிராவில் மெய்ப்பு முடிந்ததும் அட்டை எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வரைகோட்டு வடிவம்) ஆக்கிவிடுவோம். கர்வ்ஸ் ஆக்காத பிரதியைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். விலையை மாற்றச் சொல்லி எப்படியும் ஒரு போன் வரும். உள்பக்கங்களுக்குக் கர்வ்ஸ் வேண்டாம், பிடிஎஃப்பில் எழுத்துரு உட்பொதிந்திருந்தால் போதும்.

அச்சகம் வேறு எதுவும் கேட்காதவரை பிடிஎஃப் எக்ஸ்-1ஏ (அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் வகை). கோரல் கோப்பே வேண்டுமென்றால் அவர்களிடம் எந்த வெர்ஷன் என்று கேட்டுச் சேமியுங்கள்.

பார்கோடு கறுப்பு 100-இல், வெள்ளைக் கட்டத்துக்குள், இயல்பான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்காமல். அட்டையின் நிறத்துக்குப் பொருத்தமாகச் சிவப்பில் கேட்பவர்கள் உண்டு. கடை ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிப்பவை. அந்தச் சிவப்புக் கோடுகள் அவற்றின் கண்ணுக்கே படாது.